கிம்பூயு கிணற்றின் அளவு

பாஸா
1988 அக்டோபர் 17

பஹாத்திக்கு,

நீ செய்த தவறு இது: கிம்பூயு தீவின் கிணற்று வாயில் எந்திரம் வைத்தாய். நான்கு தலைமுறையாகக் கையால் மட்டுமே இறைத்த கிணறு அது. அதில் இரும்புக் குழாயை இறக்கி, பக்கத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, நாங்கள் மீன்பிடிப் பருவத்துக்கு வாடி போட்டுத் தங்கும் மணல்மேட்டில் மூன்று குடில்களும் எழுப்பியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நலம் விசாரிப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

டிசம்பரில் வடகாற்று நிலைத்ததும் இருபத்திரண்டு பேர் அங்கே போகவேண்டும். நோன்பு மாதம் பிறக்கும் வரை நான்கு மாதம் அங்கேதான் வாழ்வு. சிங்கி இறால், சுறா, கருவாடு, எல்லாம் அந்த நான்கு மாதத்தில்தான். கொட்டகைக்குக் கம்பு நட இடம் பார்க்க, போன வாரம் மூன்று பேரோடு போனேன். கரையில் கால் வைத்ததுமே ஒருவன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான். உன் காவல்காரன் கட்டானா.

"பெரியவரே, இங்க இறங்கக்கூடாது. இது தனிக் கடற்கரை. ஜனவரில விருந்தாளிங்க வராங்க."

"யார் சொன்னது?"

"பஹாத்தி அம்மா."

"நான் அவளுக்கு அண்ணன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்ப டீ குடிச்சிட்டுப் போங்க. தங்கத்தான் முடியாது."

என் வாடியில் எனக்கே டீ. கூட வந்த ஃபமாவு சிரித்துவிட்டான். நாற்பது வயதாகியும் எங்கே சிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிவதில்லை. நான் டீ குடிக்கவில்லை.

எந்திரத்தை எடு. குடில்களைப் பிரி. நவம்பர் முடிவதற்குள் இது நடக்க வேண்டும். என் ஆட்கள் என்னைப் போலப் பொறுமையானவர்கள் இல்லை.

லாலி ஷேகுவே


மாலிந்தி
அக்டோபர் 26

அண்ணாவுக்கு ஸலாம். நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன்.

மூன்று வருடத்தில் உங்களிடமிருந்து வரும் முதல் கடிதம். பேருந்துக்காரன் கையில் உறையைப் பார்த்ததும், யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் என் எந்திரம்.

என் பக்கத்தையும் கேளுங்கள். பதினாறு வருடம் இங்கே ஒரு பெரிய விடுதியில் அடுத்தவர்களுக்குச் சமைத்தேன். அங்கே வருடா வருடம் வருபவர் லாரிட்சன். டென்மார்க்கில் பள்ளி ஆசிரியர். என் தேங்காய்ப்பால் சோற்றுக்கும் நண்டுக் கறிக்கும் சமையலறை வரை வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார். இந்த வருடம் ஜனவரியிலும் அதே போல வந்து நின்றார்.

"பஹாத்தி, அடுத்த வருஷம் எங்க கல்யாணத்துக்கு முப்பது வருஷம். பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாரும் வராங்க. எட்டுப் பேர். மனுஷங்களே இல்லாத கடற்கரை ஒண்ணு வேணும். காலைல எழுந்தா மணல்ல நண்டு போன தடம் மட்டும்தான் இருக்கணும். அப்படி ஏதாவது இடம் தெரியுமா?"

தெரியும் என்றேன். சின்ன வயதிலிருந்து கிம்பூயுவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்டது மட்டும்தான். வாடி இருக்கும்போது பெண் அங்கே இறங்கக்கூடாது என்பது உங்கள் சட்டம். அதனால் ஜூலையில், பெருநாள் முடிந்த வாரம், வாடி இல்லாத நேரத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. வெள்ளை மணல், பெருத்த பாவோபாப் மரம், கிணற்றில் எட்டித் தொடும் உயரத்தில் தண்ணீர். மாவட்ட அலுவலகத்தில் கேட்டேன். ஆளில்லாத தீவு என்று அவர்கள் பதிவேட்டிலும் இருந்தது. அனுமதித் தாள் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பே உங்களைக் கேட்டேன் என்பது மறந்துபோனதா? பெருநாளன்று உங்கள் வாசலில், பத்துப் பேர் முன்னால்.

"கிம்பூயு கிணறு எப்படிண்ணே இருக்கு?"

"நிறைஞ்சிருக்கு."

"எட்டுப் பேர் குளிக்கலாமா?"

"எண்பது பேர் குளிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வார்த்தையை நம்பித்தான் விடுதி வேலையை விட்டேன், அந்த வார்த்தையை நம்பித்தான் கீற்று வாங்கினேன். லாரிட்சனின் மனைவி இதுவரை ஐந்து கடிதம் எழுதிவிட்டாள். பாம்பு உண்டா? கொசு எப்படி? பேரனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, ரொட்டி கிடைக்குமா? ஒரு நாளைக்கு இருமுறை நல்ல தண்ணீரில் குளிக்க முடியுமா? முடியும் என்று எழுதிவிட்டேன். நீங்கள்தான் எண்பது பேருக்குச் சொல்லிவிட்டீர்களே.

ஜனவரி 14 முதல் 24 வரை அவர்கள் அங்கே இருப்பார்கள். பத்து நாள்தான், அண்ணா. வாடியை 25ஆம் தேதி தொடங்குங்கள். முடியாது என்றால், அந்தப் பத்து நாள் மட்டுமாவது வடக்கு முனையில் இருங்கள். புகை வேண்டாம், கருவாடு காயவைக்க வேண்டாம், கரையில் சத்தமும் வேண்டாம்.

எந்திரம் இருக்கும்.

பஹாத்தி


பாஸா
நவம்பர் 5

பஹாத்தி,

புகை வேண்டாம், கருவாடு வேண்டாம், சத்தம் வேண்டாம். மூச்சு விடலாமா என்று அந்த ஆசிரியரைக் கேட்டு எழுது.

நீ பள்ளிக்குப் போனாய். நான் தேயிலைப் பெட்டிகளின் மேலிருந்த எழுத்தைப் பார்த்துப் படித்தவன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: படித்தவள் செய்யும் காரியமா இது? கிணறு எப்படி என்று யார் கேட்டாலும் நாங்கள் என்ன சொல்வோம்? நிறைந்திருக்கிறது என்போம். வற்றிக் கிடந்தாலும் அதுதான் பதில். குறை என்று வாயால் சொன்னால் குறை தங்கிவிடும். வீட்டில் பிணம் கிடந்தாலும் 'எப்படி இருக்கீங்க' என்றால் முதலில் 'நலம்' என்றுதானே சொல்கிறோம்? உனக்கு இதெல்லாம் தெரியாதா? நீயும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே?

உண்மை அளவை வாயால் சொல்வதில்லை. வாடி கலைக்கும் நாளில் வாடிக்குத் தலைவரான நாகுதா கிணற்றில் ஒரு குச்சியை இறக்குவார். நாக்கில் வைத்துப் பார்த்து, நல்ல தண்ணீர் நனைத்த அளவுக்கு அதை ஒடிப்பார். ஒடித்த துண்டைப் பாவோபாப் மரத்தின் பொந்தில் வைத்துவிட்டுப் படகேறுவார். அடுத்த பருவத்தில் போகிறவன் முதலில் பொந்தில் கை விடுவான், பிறகுதான் கிணற்றைப் பார்ப்பான். எந்த வருடம் எவ்வளவு நின்றது என்று அந்தக் குச்சிகளுக்குத் தெரியும். பெருநாள் வாசலில், தட்டில் இறைச்சியை வைத்துக்கொண்டு, அதைச் சொல்வார்களா? அதுவும் விருந்தாளிகளைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு கேட்டவளிடம்?

ஜூலையில் நீ பார்த்தது மழைத் தண்ணீர். அங்கே நல்ல தண்ணீர் என்பது பாலின் மேல் நிற்கும் ஆடை மாதிரி. கீழே முழுக்க உப்பு. மெதுவாக அள்ளினால் ஆடை வரும். வேகமாக உறிஞ்சினால் ஆடை கிழியும், உப்பு மேலேறும். ஏறினால் அடுத்த பெருமழை வரை இறங்காது. எங்கள் ஆள் வாளியை இறக்குவதற்கு முன் நூறு வரை எண்ணுவான். உன் எந்திரத்துக்கு எண்ணத் தெரியுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். சொல்லக்கூடாது என்று முப்பத்தொரு வருடம் வைத்திருந்தேன்.

நம் தம்பி கோம்போ மீன் பிடிக்கப் போய்ச் சாகவில்லை. 1957இல் அப்பாதான் நாகுதா. மழை பொய்த்த வருடம். பிப்ரவரியில் கிணறு உப்பானது. யாரும் அதை வாயால் சொல்லவில்லை. ஒன்பது நாள் உப்புத் தண்ணீரில் சோறு பொங்கினோம். பத்தாம் நாள் பெரியவர்கள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார்கள். கோம்போ சின்ன படகில் தகர டின்களை ஏற்றிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரத் தனியாகப் புறப்பட்டான். வடகாற்று கடுமையாக இருந்தது. படகைத் தள்ளிவிட்டது நான். மறுநாள் ஒரு தகரம் மட்டும் கரை ஒதுங்கியது.

அந்தக் கிணற்றின் மேல்தான் நீ எந்திரம் வைத்திருக்கிறாய்.

லாலி ஷேகுவே


மாலிந்தி
நவம்பர் 16

அண்ணா,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் திறந்தபடியே வைத்திருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கோபத்தில் எழுதிக் கிழித்தேன். இப்போதும் கோபம் தீரவில்லை, அதனால் கோணலான எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோம்போ முதல் தடவை வாடிக்குப் புறப்பட்ட காலையில் நானும் கரையில் இருந்தேன். அம்மா உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அங்க தண்ணி நல்லா இருக்காடா? புள்ளைக்கு வயிறு ஆகாது." நீங்கள் சொன்ன பதிலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நிறைஞ்சிருக்கும்மா."

அம்மாவிடமும் அதைத்தான் சொன்னீர்கள்.

அவன் மீன் பிடிக்கப் போன இடத்தில் செத்தான், கடல் எடுத்துக்கொண்டது என்று சொல்லித்தான் அம்மா கண்ணை மூடினாள். கடல் எடுக்கவில்லை. உங்கள் ஒன்பது நாள் மௌனம் எடுத்தது. ஒருவர் முதல் நாளே 'தண்ணி உப்பாயிடுச்சு' என்று வாயைத் திறந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து திரும்பியிருக்கலாம். குறை சொன்னால் தங்கிவிடும் என்கிறீர்கள். சொல்லாமல் இருந்தீர்களே, அது போய்விட்டதா?

உங்கள் வழக்கம் தெரியாதா என்று கேட்கிறீர்கள். எப்படித் தெரியும்? பாதியைத்தானே எங்கள் காதில் போட்டீர்கள். நிறைந்திருக்கிறது என்ற பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள், குச்சி என்ற பாதியைப் பெண் கால் படாத தீவில் மரப்பொந்தில் வைத்தீர்கள். நான் கேட்டது உண்மை, நம்பியது உண்மை. என்னை ஏமாற்றுக்காரி என்று எழுதாதீர்கள். விருந்தாளிகளைப் பற்றி மறைத்தேன், அது சரிதான். சொல்லியிருந்தால் வாசலிலேயே என்னை அவமானப்படுத்தியிருப்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைத்த கை என்று, என் வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போனவர் நீங்கள்.

குச்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டாம். பொந்தில் காய்ந்த சுள்ளி நிறைய இருந்ததாகக் கட்டானா சொன்னான். செப்டம்பரில் குடில் கட்டும்போது அதை வைத்துத்தான் டீ போட்டிருக்கிறான். ஒரு துண்டு மிச்சமில்லை. அவன் மேல் கோபப்படாதீர்கள். யாரும் அவனிடம் சொல்லவில்லை. யாரும் என்னிடமும் சொல்லவில்லை.

விருந்தாளிகள் வருவது உறுதி. டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பினால் மாலிந்தியில் ஒருவன் என்னை நம்பமாட்டான். திரும்பவும் அடுத்தவர் அடுப்படிக்குத்தான் போகவேண்டும், ஐம்பத்து நான்கு வயதில்.

ஆனால் கிணற்றைக் கெடுக்க எனக்கும் ஆசை இல்லை. அதனால் கேட்கிறேன். அந்தக் கிணறு ஜனவரி முடிவில் ஒரு நாளைக்கு எத்தனை தகரம் கொடுக்கும்? எண்ணை எழுதுங்கள். அதை வைத்து நான் திட்டத்தை மாற்றுகிறேன். நிறைந்திருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள்.

பஹாத்தி


பாஸா
நவம்பர் 27

பஹாத்தி,

குச்சிகளை எரித்தான் என்று படித்தேன். அப்பா ஒடித்தது ஏழு. நான் ஒடித்தது இருபத்தெட்டு. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத மாட்டேன்.

எண் கேட்டாய். தாளில் எழுத மாட்டேன். இதுவரை எந்த நாகுதாவும் எழுதவில்லை, நான் முதல் ஆளாக இருக்கப்போவதில்லை. உன் எட்டுப் பேர் இருமுறை குளிக்க முடியாது என்பதை மட்டும் தெரிந்துகொள்.

திட்டம் போடுகிறவளுக்கு இன்னொன்று. ஜனவரி 14 அன்று அவர்களை நீ தீவில் இறக்கவே முடியாது. அன்று நிலா பாதி. கடல் சோம்பிக் கிடக்கும், கடல்பெருக்கு மணல்திட்டுக்கு மேல் ஏறாது. படகு அரை மைல் தள்ளி நிற்கும். ஆசிரியரின் பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு சேற்றில் நடப்பாயா? மீனவன் மகள் நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிக்கிறாள்.

டிசம்பர் ஏழாம் தேதி நாங்கள் போகிறோம். தள்ளிப்போட மாட்டோம். வடக்கு முனைக்குப் போக மாட்டோம். உன் எந்திரத்தை என் ஆட்கள் உடைக்காமல் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

லாலி ஷேகுவே


மாலிந்தி
டிசம்பர் 9

அண்ணா, இதைக் கொண்டுவரும் இறால் படகுக்காரரிடம் இது உங்கள் கையில்தான் சேரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். படித்ததும் நகருங்கள்.

நேற்று மதியம் கட்டானா என் வாசலில் வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது. டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. "தண்ணி குடுங்கம்மா" என்றான். மூன்று செம்பு குடித்தான். பிறகுதான் பேசினான்.

முதலில் என் குற்றம். தொட்டியில் சிமென்ட் வாடை போகவேண்டும், மூன்று முறை நிரப்பிக் கொட்டு என்று அக்டோபரிலேயே அவனுக்கு உத்தரவு கொடுத்திருந்தேன். ஆடை, உப்பு என்றெல்லாம் நீங்கள் எழுதிய கடிதம் வந்ததும், நிறுத்து என்று சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பிய ஆள் வழியில் லாமுவில் ஒரு கல்யாணத்தில் தங்கிவிட்டான். கட்டானா சொன்னதைச் செய்தான். நவம்பர் கடைசியில் மூன்று முறை நிரப்பினான், மூன்று முறை மணலில் கொட்டினான். மூன்றாவது தடவை தண்ணீர் வேறு மாதிரி இருந்தது என்கிறான். அவன் மலைநாட்டுக்காரன், எல்லாத் தீவுத் தண்ணீரும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறான்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். நீங்கள் கிணற்றடிக்குப் போனதை, கையில் அள்ளி நாக்கில் வைத்ததை, துப்பாமல் விழுங்கியதை அவன் பார்த்திருக்கிறான். படகிலிருந்து ஃபமாவு கத்தியிருக்கிறான்: "நாகுதா, கிணறு எப்படி?"

நீங்கள் "நிறைஞ்சிருக்கு" என்று சொன்னீர்களாம். உடனே பாய், வலை, அரிசி, எல்லாம் இறங்கியதாம்.

கட்டானாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். "நீ தப்பாக் கேட்டிருப்பே."

"இல்லம்மா. அவர் முகத்தையும் பார்த்தேன். அதனாலதான் கிளம்பி வந்தேன். அந்த முகத்தோட யாரும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாங்க."

அண்ணா, இருபத்திரண்டு பேர். ஃபமாவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இது உண்மையா? உண்மை என்றால், எந்திரம், குடில், விருந்தாளி, எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்வோம். அவர்களிடம் சொல்லுங்கள். ஒன்பது நாள் காத்திருக்காதீர்கள்.

பஹாத்தி


பாஸா
டிசம்பர் 13

பஹாத்தி,

உண்மைதான். சொன்னேன்.

உன் கடிதம் இங்கே பாஸாவில்தான் கிடைத்தது. அது வருவதற்கு முன்பே நடந்ததைக் கேள். உன் கடிதத்தால் நான் நகர்ந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நாக்கில் வைத்ததுமே தெரிந்தது. ஃபமாவு கேட்டான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. முப்பது வருடம் பழகிய வாய். சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம். அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தெளியவில்லை. மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டில் ஃபமாவு முகத்தைச் சுளித்தான்.

"சோத்துல இவ்வளவு உப்பு போட்டது யாரு?"

"உப்பு டப்பாவையே நான் இன்னும் திறக்கலைடா," என்றான் சமைக்கிறவன்.

"அப்ப உன் வேர்வையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் எதிரே கோம்போ வயதில் இரண்டு பையன்கள் இருந்தார்கள்.

எழுந்துபோய் ஒரு குச்சி வெட்டினேன். எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். அவர்கள் கண் முன்னால் இறக்கினேன், தூக்கினேன், நாக்கில் வைத்தேன், காட்டினேன். "கிணறு கெட்டுப்போச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். மூத்த ஆள் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். ஃபமாவு மட்டும் என் பக்கத்தில் வந்தான்.

"அப்ப மூணு நாளா எங்ககிட்ட என்ன சொன்னீங்க நாகுதா?"

"பொய் சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். அவன் திரும்பி, சின்ன படகைக் கடலுக்குத் தள்ளப் போனான். "நான் போய்த் தண்ணி கொண்டாரேன். காத்து ஏறுறதுக்குள்ள போயிடுவேன்." தகரங்களைக் கூட எடுத்துவிட்டான். படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்தான், நான் விடவில்லை. என் உள்ளங்கையில் தோல் போய்விட்டது, இந்த எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். "பெரிய படகுல போவோம். ஆறு பேரா போவோம். நானும் வரேன்," என்றேன். மறுநாள் காலை வந்தோம். மற்றவர்கள் தீவில் இளநீரோடு இருக்கிறார்கள். இங்கே மழைநீர்த் தேக்கத்தில் ஆட்கள் தகரங்களை நிரப்புகிறார்கள், நான் மசூதித் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இருவருக்கு வயிற்றுப்போக்கு இருக்கிறது. சாகமாட்டார்கள்.

வாடியைக் கலைப்பேன் என்று நினைக்கிறாய். கலைக்க மாட்டேன். உன் விருந்தாளிகளைத் திருப்பி அனுப்பு என்றும் சொல்லப்போவதில்லை. அந்த எந்திரத்தின் மேல் என் கோபம் அப்படியே இருக்கிறது. கெடுத்தது நீயும்தான், நானும்தான். அதற்கு மேல் இதைப் பற்றி யார் வாயிலும் பேச்சு வேண்டாம். இனி நடக்க வேண்டியது இது:

எந்திரத்தைக் கட்டானா கழற்ற வேண்டும். அவன் மட்டும். என் ஆட்கள் யாரும் அதைத் தொடக்கூடாது, தொட்டால் அது உடையும். கழற்றி உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. தொட்டி இருக்கட்டும், உபயோகம் இருக்கிறது.

கிணற்றிலிருந்து பெருமழை வரை யாரும் ஒரு வாளி கூட எடுக்கக்கூடாது. வாடிக்காரனும் எடுக்கக்கூடாது, விருந்தாளியும் எடுக்கக்கூடாது. மூடிக்குப் பலகை ஃபமாவு அடிப்பான்.

தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை பாஸாவிலிருந்து என் பெரிய படகில் போகும். அதை ஓட்டுவது நான். ஆறு பேருக்குக் குறைந்து அந்தப் படகு புறப்படாது. இதை ஃபமாவும் சத்தியம் செய்திருக்கிறான். தண்ணீர் உன் தொட்டியில் நிற்கும். தலைக்கு ஒரு நாளைக்கு அரைத் தகரம். ஆசிரியருக்கும் அதே அரை, என் சமையல்காரனுக்கும் அதே அரை.

நீ டென்மார்க்குக்கு எழுத வேண்டும். உன் கையால், இந்த வாரமே. அந்தத் தீவில் இருபத்திரண்டு மீனவர்கள் இருப்பார்கள் என்று எழுது. புகை இருக்கும், கருவாட்டு நாற்றம் இருக்கும், காலையில் மணலில் எங்கள் காலடியும் இருக்கும் என்று எழுது. குளியல் கடலில்தான், கழுவிக்கொள்ள ஒரு செம்பு. பிடிக்கவில்லை என்றால் வராமல் இருக்கட்டும், அவர்கள் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கொடு, கீற்று வாங்கியதில் குறைந்ததை நான் தருகிறேன். வருவதாக இருந்தால், தெரிந்து வரட்டும்.

வந்தால் 14ஆம் தேதி வேண்டாம். ஒரு வாரம் மாலிந்தியில் வைத்திரு. 21இல் முழுநிலா. 22 காலைப் பெருக்கில் திட்டைத் தாண்டலாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவது நான். முட்டை ஒத்துக்கொள்ளாத பையனுக்கு ரொட்டியை நீ கொண்டு வா, எங்களிடம் இல்லை.

அவர்களுக்கு முன்னால் நீ வர வேண்டும். வாடி நடக்கும்போதே இறங்க வேண்டும். கொட்டகையைச் சுற்றிப் பார், எங்கே தூங்குகிறோம், எங்கே சமைக்கிறோம் என்று பார். ஒருவரும் உன்னை எதுவும் சொல்லமாட்டார்கள். காதைப் பொத்திய பெரியவர் சொல்லலாம். அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அம்மா இல்லை, அவளிடம் சொல்ல முடியாது. கோம்போவுக்குப் பேசிவைத்திருந்த பெண் ருக்கையா இங்கே மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நாளைக் காலை படகேறுவதற்கு முன் அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்வது நான்.

கடைசியாக, அளவு. இனி குச்சியை ஒடித்து மறைப்பது கிடையாது. கிணற்றின் பக்கத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறேன். தினமும் காலையில் அளந்து அதில் எழுத வேண்டும், இறங்குகிறவன் யாராக இருந்தாலும் முதலில் அதைப் படிக்க வேண்டும். தீவில் நான் இருக்கும் நாளில் நான் எழுதுவேன். நான் தண்ணீருக்குப் போகும் நாட்களில் எழுத வேண்டியது நீ. நல்ல தண்ணீர் இந்த மாதத்தில் ஒரு முழம் நிற்க வேண்டும். பத்தாம் தேதி புறப்படுவதற்கு முன் நான் எழுதியது: மூன்று விரல்.

லாலி ஷேகுவே